இருநூறு கேபி

பேர்கனிலிருந்து துஷ்யந்தி குரல் அனுப்பியிருந்தாள்,
நாற்பத்தேழு செக்கன்.
முதல் மூன்று செக்கனிலேயே விசயம் முடிந்துவிட்டது:
"அக்கா, இது என்ரை கூறை இல்லை."

என் திரையில் அது அரக்கு.
அவளுக்குப் போனதில் காய்ந்த கொட்டைப்பாக்கு.
மல்லிகைச் சரம் சதுரம் சதுரமாய்.
தாலிக்கொடியின் ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது.
மண்டப வாசலுக்கு மேலே பின்னேர வானம்
படிக்கட்டாய் இறங்கி வந்தது.

வைபரைத்தான் முதலில் திட்டினேன்.
கையில் கிடைத்த எதையும்
சக்கையாய்ப் பிழிந்து கொடுக்கிற சாமான் அது.
ஈமெயிலில் அனுப்பினேன்.
அதே பாக்கு.

கமராவைச் சந்தேகித்தேன்.
மூலப் படத்தை இருநூறு வீதம் பெருப்பித்தால்
அவளின் இமைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனி;
கருமணிக்குள் அன்ரன்
வெள்ளைக் குடையும் பிளாஷுமாய்
முழங்காலில் நிற்கிறான்.
அன்ரனில் பிழையில்லை.

தரத்தை எண்பதிலிருந்து நூறுக்குத் தள்ளினேன்.
அசையவில்லை.
முன்னூறு டிபிஐ போட்டேன்.
அது வெறும் எண்,
ஒரு புள்ளியையும் புதிதாய்ப் பெறாது
என்று தெரிந்துதான் போட்டேன்,
காய்ச்சல்காரன் தலையணையைத் திருப்பிப் போடுவதுபோல.
கூர்மையைக் கூட்டினேன்.
மாப்பிள்ளையின் தலைப்பாகையைச் சுற்றி
ஒரு வெள்ளைக் கோடு வந்தது,
கலண்டர்ச் சாமிக்கு வருகிற மாதிரி.
அழித்தேன்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்த,
ஆனைக்கோட்டை முழுக்க நாய்கள் பதில் சொல்ல,
எக்ஸ்போர்ட் பெட்டியை
முதன்முறையாக அடிமட்டும் இறக்கிப் பார்த்தேன்.

ஏற்றுமதி எங்களுக்குப் புதிதில்லை.
ஒருகாலம் புகையிலை, பேந்து பிள்ளைகள்.
போகும்போது இருந்த நிறத்தில்
எது போய்ச் சேர்ந்தது என்று
ஆர் சரிபார்த்தது?

அடியில் ஒரு சின்னச் சரி அடையாளம்.
இருநூறு கேபிக்கு மேல் போகாதே.
அதற்கு மேலே நீளப்பக்கம் அறுநூறு புள்ளி.
நிறம், அச்சு மைக் கணக்கில்.

செவ்வாய்க்கிழமை.
ஓவசியர் இராசநாயகம்.
பேப்பர்க்காரர் ஐந்து மணிக்குள் கேட்டார்கள்,
சொன்ன அளவில் வெட்டிக் கொடுத்தேன்,
மறந்தேன்.
மென்பொருள் மறக்கவில்லை.
கடைசியாய்ப் போனவரின் அளவை
அடுத்து வந்தவளுக்கும் எடுத்து வைத்திருந்தது.
ஒரு தையற்காரர்கூட இப்பிடிச் செய்யமாட்டார்.

நான் மேலே நூறு என்று எழுத எழுத
அது கீழே வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.
அறுநூற்றுப் பன்னிரண்டு படம்.
அறுகரிசி, பால்பழம்,
பந்தியில் அப்பளத்தைத் தொப்பியாய்ப் போட்ட பெடியன்,
எல்லாரும்
ஒரு மரண அறிவித்தலின் ஓட்டையால்
குனிந்து குனிந்து போயிருக்கிறார்கள்.

அடையாளத்தை எடுத்தேன்.
அளவைத் தொடாதே என்றேன்.
நிறத்தைத் திரைக்கணக்குக்கு மாற்றினேன்.
இரண்டரைக்கு முடிந்தது.
பேர்கனில் இன்னும் இரவு தொடங்கி முடியவில்லை;
"ஓம் அக்கா, இதுதான்" என்று
நான்கு செக்கனில் வந்தது.

படுத்திருக்கலாம்.
ஓவசியரின் மூலத்தைத் திறந்தேன்.
அதுவும் ஒரு கலியாணவீட்டுப் படம்தான்.
குழுவாய் நின்றவர்களில் அவரை மட்டும் வெட்டியெடுத்து,
இடது தோளில் ஒட்டி நின்ற
ஆரோ ஒரு பெண்ணின் சீலைக்கரையை
நீலத்தால் மூடியிருந்தேன்.
நாலு நிமிச வேலை.
என்ன நிறம் என்றுகூடப் பார்க்கவில்லை.

நீலத்தை உரித்தேன்.
மாம்பழ மஞ்சள்.
அவர் சிரித்தது கமராவுக்கில்லை,
அந்தப் பக்கம்.

ஒருத்தரும் கேட்கவில்லை.
தரம் நூறு. அளவு உள்ளபடி.
பதினொரு எம்பி.
பெயர் கேட்டது.
ஓவசியர் முழுசு என்று அடித்தேன்.